சுவர் சொல்லும் சரித்திரம்

கல்வெட்டு என்றதும் மன்னரும் மெய்க்கீர்த்தியுமே நம் நினைவுக்கு வருவது வழக்கம். பெயரறியா மனிதனொருவன் துயரத்தில் கீறிய கல்வெட்டும் உண்டு.

இங்கிலாந்தின் ஹேர்ட்போர்ட்ஷயரிலுள்ள கிராமம் அஷ்வெல். அங்குள்ள புனித மரியாள் ஆலயம் பெரும்பாலும் 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். மேற்கே நிற்கும் கோபுரம், ஈயத்தகடு போர்த்த கூர்முனையோடு சேர்த்து 176 அடி உயரமானது. கட்டுமானத்திற்குப் பெரிதும் பயன்பட்டது அப்பகுதிச் சுண்ணக்கல். செதுக்குவதற்கு இலகுவானது, ஆனால் மழையிலும் பனியிலும் உதிர்ந்துவிடும். வெளிச்சுவரில் காலந்தோறும் திருத்தவேலை செய்யவேண்டியிருப்பது இதனாலேயே.

அந்த மென்மையே வரலாற்றுக்கு வாய்ப்பாகவும் அமைந்தது. கோபுரத்தின் உட்புற வடசுவரில் இலத்தீன் வரிகள் சில கீறப்பட்டுள்ளன. இங்கிலாந்து மக்களில் மூன்றிலொரு பங்கினரையேனும் பலிகொண்ட கொள்ளைநோயையும், சாட்சிசொல்ல எஞ்சிய ஏழைச் சனங்களின் அவலத்தையும், 1362 ஜனவரியில் வீசிய பெரும்புயலையும் அவை கூறுகின்றன. அதே சுவரில் பேராலயமொன்றின் சித்திரமும் உண்டு. 1666இல் இலண்டன் பெருந்தீயில் அழிந்த பழைய புனித பவுல் பேராலயமே அது என்பர்.

அரண்மனை ஏடுகள் அரசர்களின் போர்களை எழுதிவைத்தன. ஊர் பட்ட பாட்டை எழுத, இங்கே ஒரு சுவர் இடங்கொடுத்தது. எழுதியவன் பெயரை அவன் பொறிக்கவில்லை. தன் ஊரின் துயரத்தையே பொறித்தான். ஆறரை நூற்றாண்டுகள் கடந்தும் அதை நாம் வாசிக்கிறோம்.