வெற்றிடத்தை விரட்டியது சட்டமா, டீசலா? அமெரிக்கப் பள்ளிப் பேருந்தின் நிறுத்தக் கரம் குறித்து

அமெரிக்கப் பள்ளிப் பேருந்தின் இடப்பக்கத்தில் கீலில் மடங்கிக் கிடந்து, பிள்ளைகள் ஏறி இறங்கும்போது விரியும் எண்கோண ‘ஸ்டாப்’ பலகையை மூன்று வகை விசைகள் இயக்கியுள்ளன: எஞ்சின் வெற்றிடம், அழுத்தக் காற்று, மின்மோட்டார். இவற்றுள் வெற்றிடம் ஏன் பின்தங்கியது? பாதுகாப்பு விதிகள் வந்தன, வெற்றிடம் போயிற்று என்பது வழக்கமான விடை. இது, எஞ்சின் வெற்றிடத்தால் இயங்கிய கார்க் கண்ணாடி வைப்பரின் வரலாற்றிலிருந்து இரவல் வாங்கிய வாசிப்பு. வைப்பருக்கே அது பாதிதான் பொருந்தும். நிறுத்தக் கரத்துக்கு அறவே பொருந்தாது என்பது என் வாதம்.

அந்த வாசிப்பின் அடிப்படை, 1968இல் நடைமுறைக்கு வந்த கூட்டரசுத் தரவிதி 104. எஞ்சினின் சுமையும் வேகமும் எப்படியிருந்தாலும் வைப்பர் ஒரு வேகநிலையில் நிமிடத்துக்குக் குறைந்தது 45 முறை வீச வேண்டும் என்கிறது அது. வெற்றிட வைப்பரின் நோய் இதுவேதான். மழையில் மேடேறும் ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கார்புரேட்டர் அடைப்பு திறக்கும். எஞ்சின் காற்றை உறிஞ்சும் குழாயான மேனிஃபோல்டில் வெற்றிடம் சரியும். தேவைப்படும் நேரத்தில் வைப்பர் சோர்ந்துவிடும். ஆயினும் விதி வெற்றிடத்தைத் தடைசெய்யவில்லை, விளைவை மட்டுமே கேட்டது. எரிபொருள் பம்பிலேயே இணைந்த துணை வெற்றிடப் பம்பு அக்குறையை ஓரளவு ஈடுகட்டி வந்தது. அமெரிக்கன் மோட்டார்ஸ் கார்களில் வெற்றிட வைப்பர் 1970களின் தொடக்கம் வரை நீடித்தது. கடைசி ஆண்டு 1971ஆ 1972ஆ என்பதில் தகவல்கள் ஒத்துப்போவதில்லை. எதுவானாலும் விதிக்குப் பிந்தியதே. விதியே கொன்றது என்போர் இந்த இடைவெளிக்குக் காரணம் சொல்வதில்லை.

நிறுத்தக் கரத்தின் நிலைமை இதற்கு நேர்மாறு. கரத்தோடு சேர்ந்து பேருந்தின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியும்போது பேருந்து நின்றிருக்கும். மேடானாலும் ஓட்டுநரின் கால் பிரேக்கில்தான். எஞ்சின் சும்மா ஓடும் அந்த நேரத்தில் பெட்ரோல் எஞ்சினின் வெற்றிடம் உச்சத்தை ஒட்டி, பாதரச அளவில் ஏறத்தாழ 18 முதல் 20 அங்குலம் வரை இருக்கும். சதுர அங்குலத்துக்குப் பத்துப் பவுண்டு அளவிலான விசைதான் அது. ஏர் பிரேக் தொட்டியில் நூறு பவுண்டுக்கு மேல் உண்டு. அதனால் கரத்தைத் தள்ளும் டயாபிரம் அகலமாக வேண்டும், அவ்வளவே. வைப்பரை வாட்டிய குறை கரத்தைத் தீண்டவே இல்லை.

இனி, கரத்துக்கென்றே எழுதப்பட்ட தரவிதி 131. 1991இல் வெளியாகி 1992 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பலகை குறைந்தது 450 மில்லிமீட்டர் எண்கோணம். பேருந்தின் பக்கவாட்டுக்குச் செங்குத்தாக, 5 பாகைக்கு மிகாத விலகலோடு நிற்க வேண்டும். சிவப்பு விளக்குகள் எரியும்போதெல்லாம் கரம் தானாக விரிய வேண்டும். ஓட்டுநர் அதைத் தடுக்கலாம். தடுத்தால் அவர் காதில் ஒலி கேட்க வேண்டும். ஓட்டுநரின் கவனத்தைக்கூட இவ்வளவு நுணுக்கமாகக் கட்டிப்போட்ட விதி, இயக்கும் விசை எதுவென்று வாய் திறக்கவில்லை. 104இல் உள்ள எஞ்சின் சுமை நிபந்தனையும் இதில் இல்லை. மௌனத்தைச் சான்றாக்குவது ஆபத்துதான். ஆனால் வெற்றிடத்தை விலக்கும் நோக்கம் இருந்திருந்தால், அதற்கான வாசகம் முன்னோடி விதியிலேயே ஆயத்தமாக இருந்தது, எடுத்தாளவில்லை.

ஆகவே காரணத்தைச் சட்டநூலில் தேடாமல் எஞ்சினில் தேட வேண்டும். டீசல் எஞ்சின் காற்றை அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை. எரிபொருளைக் கூட்டிக் குறைத்தே கட்டுப்படுத்துகிறது. எனவே கரத்தை இழுக்கும் அளவுக்கு மேனிஃபோல்டில் வெற்றிடம் உருவாவதில்லை. பள்ளிப் பேருந்துகளில் டீசல் பரவியபோது வெற்றிடக் கரம் தன் ஊற்றையே இழந்தது. இதற்கு ஒரே ஆண்டைக் குறிக்க இயலாது: வாங்கியவை வெவ்வேறு பள்ளி மாவட்டங்கள், பழைய பெட்ரோல் வண்டிகளும் கூடவே ஓடின. ஏர் பிரேக் கொண்ட டீசல் வண்டியில் கம்ப்ரெசர் ஏற்கெனவே இருந்ததால் காற்றுக் கரம் எளிதாகப் பொருந்தியது. ஹைட்ராலிக் பிரேக் டீசல் வண்டிக்கு அந்த வாய்ப்பும் இல்லை. தனி வெற்றிடப் பம்பு வைக்க வேண்டும், இல்லையேல் மின்மோட்டார். மின்கரத்தின் பரவலுக்கு இந்த இடைப்பட்ட வண்டிகளே முதன்மைக் காரணம் எனக் கருதுகிறேன். எத்தனை மாவட்டங்கள் எந்த வகையை வாங்கின என்ற கொள்முதல் கணக்குகளைக் கொண்டே அதை உறுதிசெய்ய முடியும்.