மழையில் நனைந்த குடும்பமும் சக்கரத்தில் எழுந்த வீடும்

1929 ஆம் ஆண்டின் கோடைகாலம். அமெரிக்காவின் டெட்ரோயிட் நகரில் வாழ்ந்த ஆர்தர் ஷேர்மன் என்னும் நுண்ணுயிரியல் அறிஞர், மனைவி பிள்ளைகளுடன் விடுமுறைக்குப் புறப்பட்டார். காரின் பின்னால், அவர் புதிதாக வாங்கியிருந்த மடிப்புக் கூடார வண்டி. சில நிமிடங்களில் விரித்துவிடலாம் என்று சொல்லித்தான் அதனை விற்றிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது, கூடாரம் எளிதில் விரிவதாயில்லை. குடும்பமே தெப்பமாக நனைந்தது.

வீடு திரும்பிய ஷேர்மன், உறுதியான சுவர்களும் கூரையும் கொண்ட ஒரு பெட்டியைச் சக்கரங்களின் மேல் அமைப்பித்தார். உள்ளே படுக்கைகள், அலுமாரிகள், அடுப்பு. முன்னோர் மேற்கு நோக்கிக் குடிபெயர்ந்த கூண்டு வண்டியின் பெயரையே பிள்ளைகள் அதற்குச் சூட்டினர்: 'கவர்ட் வகன்'. அதனை 1930 ஜனவரியில் டெட்ரோயிட் மோட்டார் கண்காட்சியில் வைத்தார். 1936 அளவில் அவருடைய நிறுவனமே அந்நாட்டின் மிகப் பெரிய ட்ரெயிலர் உற்பத்தி நிறுவனமாக விளங்கியது.

இதற்கான பாதையைத் திறந்து வைத்தது 1908 இல் வெளிவந்த போர்ட் 'மொடல் ரி' கார் எனலாம். சாதாரண குடும்பமும் சொந்தக் காரில் நெடுந்தூரம் செல்லக்கூடிய நிலை அதனால் உருவாயிற்று. 1919 இல் புளோரிடாவின் தம்பா நகரில் 'ரின் கான் ரூறிஸ்ற்ஸ்' என்ற பயணிகள் சங்கம் தோன்றியது. காரின் முகப்பில் ஒரு தகரப் பேணியைப் பொருத்திக்கொள்வது அவர்களின் அடையாளம். வழியில் அந்தப் பேணியைக் கண்டால் முன்பின் அறியாதவரும் உறவினராகிவிடுவர்.

ட்ரெயிலர் வரலாற்றில் மறக்கமுடியாத இன்னொருவர் வொலி பையம். அவர் நம் தொழிலைச் சேர்ந்தவர், சஞ்சிகை வெளியீட்டாளர். வீட்டிலேயே ட்ரெயிலர் செய்வது எப்படி என்று அவருடைய சஞ்சிகையில் வெளியான கட்டுரையை நம்பி முயன்ற வாசகர்கள், அது சரிவரவில்லை என்று முறைப்பாடு எழுதினர். பிழையைத் திருத்த அவர் தாமே கருவிகளைக் கையில் எடுத்தார். தரையில் படுக்க விரும்பாத மனைவிக்காகச் சமையல் வசதியுடன் ஒரு வண்டியையும் செய்திருந்தார். இவற்றிலிருந்து 1931 இல் பிறந்ததே 'எயர்ஸ்ட்ரீம்' நிறுவனம். அதன் அலுமினிய 'கிளிப்பர்' 1936 இல் 1,200 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. பொருளாதாரப் பெருமந்தம் நீடித்த அக்காலத்தில் அது பெருந்தொகை. சிலருக்கு ட்ரெயிலர் உல்லாசம். வேலை தேடி அலைந்த வேறு சிலருக்கு அதுவே குடியிருப்பு. இன்னும் இருபது ஆண்டுகளில் அமெரிக்கர்களில் பாதிப்பேர் ட்ரெயிலர்களிலேயே வாழ்வர் என்று ரொஜர் பாப்சன் என்ற பொருளாதார ஆரூடக்காரர் கூறியதும் அந்நாட்களில்தான். அந்த ஆரூடம் பலிக்கவில்லை. உலகப்போர் மூண்டதும் அலுமினியம் விமானங்களுக்குப் போயிற்று; ட்ரெயிலர்கள் போர்த் தொழிற்சாலை ஊழியர்களின் வீடுகளாயின.

இந்தப் பயணங்களைப் பற்றிய குடும்ப நினைவுகளில் பெரும்பாலும் மகிழ்ச்சியே நிறைந்திருக்கும். தகர அடுப்பில் தாய் சமைத்த முட்டை, ஓடும் வண்டியில் உருண்ட பாத்திரங்கள், முகாமில் கிடைத்த புதிய தோழர்கள் என்று அவை நீளும். ஆனால், அதே வீதிகளில் சென்ற கறுப்பினக் குடும்பங்களின் நினைவுகள் வேறானவை. விடுதிகளும் உணவகங்களும் முகாம்களும் அவர்களைத் திருப்பி அனுப்பின. எங்கே தங்கலாம், எங்கே உண்ணலாம் என்பதைத் தொகுத்து, விக்டர் ஹியூகோ கிறீன் என்ற தபால் ஊழியர் 1936 இல் 'கிறீன் புக்' வழிகாட்டியை வெளியிட வேண்டியிருந்தது. வர்ஜீனியாவின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் 1939 இல் கறுப்பினத்தவருக்கெனத் தனி முகாமே ஒதுக்கப்பட்டது. பொது இடங்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடியுரிமைச் சட்டம் வந்தது 1964 இல்.

ஒரு பிள்ளைக்கு அப்பயணம், வழியில் விரும்பிய இடத்தில் வண்டியை நிறுத்தி உறங்கிய இரவுகளின் நினைவு. இன்னொரு பிள்ளைக்கோ, வீட்டிலிருந்து கட்டிவந்த சோற்றைக் காருக்குள்ளேயே உண்டுவிட்டு, தந்தை ஏன் எங்கும் நிறுத்தாமல் விடியும்வரை ஓட்டினார் என்று புரியாமல் விழித்திருந்த இரவின் நினைவு. ட்ரெயிலரின் வரலாற்றை எழுதுவோர் இரண்டு பிள்ளைகளிடமும் கேட்டே எழுதவேண்டும்.