முள்ளந்தண்டு வாதமும் அதன் உறவுகளும்



நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை வழியாக ராகலைக்குச் செல்வோர், காலைப் பனியில் கொழுந்துக் கூடையுடன் மலையேறும் பெண்களைக் காண்பர். அவர்களுள் ஒருத்தி முதுகு வலிக்கிறதென்றால், "கூடை சுமந்த வலி" என்பதே லயத்தார் மறுமொழி. பெரும்பாலும் அது உண்மையே. ஆயினும், மூட்டுகள் அழன்று முள்ளந்தண்டையே கழிபோல் இறுகச் செய்யும் நோயும் ஒன்றுண்டு. அதனைப் பிரித்தறிய மருத்துவ உலகிற்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் வேண்டியிருந்தன.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், அயர்லாந்து மருத்துவர் பெர்னார்ட் கானர், பிரான்சு நாட்டில் ஓர் எலும்புக்கூட்டை ஆராய்ந்தார். அதன் முள்ளெலும்புகளும் விலாவெலும்புகளும் இடுப்பெலும்பும் பிணைந்து ஒரே எலும்பாய் நின்றன. 1890-களில் ரஷ்யாவில் பெக்தெரெவ், ஜெர்மனியில் ஸ்ட்ரூம்பெல், பிரான்சில் பியேர் மரி ஆகியோர் இந்நோயை விரிவாக எழுதினர். எனினும், இதனை முடக்குவாதத்தின் கிளையென்றே அமெரிக்க மருத்துவர் பலர் நெடுநாள் கருதினர்.

1940-ஆம் ஆண்டில் நார்வே மருத்துவர் வாலர், முடக்குவாத நோயாளரின் குருதியில் ஒரு தனிக்கூற்றினைக் கண்டார். முள்ளந்தண்டு இறுகியோரிடம் அது பொதுவாகக் காணப்படவில்லை. 1963-இல் அமெரிக்க வாதநோய்ச் சங்கமும் 'அங்கிலோசிங் ஸ்பொண்டிலைட்டிஸ்' என்னும் தனிப்பெயரை ஏற்றது. 1973-இல் எச்.எல்.ஏ.-பி27 என்னும் மரபுக்கூறு இந்நோயுடன் தொடர்புடையதென லண்டனிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கண்டறியப்பட்டது. அடுத்த ஆண்டே, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் மோல், ரைட் முதலியோர் ஒரு நோய்க்குடும்பத்தை வகுத்தனர். சொரியாசிஸ் என்னும் தோல் நோயோடு வரும் வாதமும், வயிற்றுளைவுக்குப் பின் தோன்றும் மூட்டழற்சியும், நாட்பட்ட குடலழற்சியோடு வருவதும் இந்நோய்க்கு உறவென்றனர். முடக்குவாதம் இக்குடும்பத்திற்குப் புறம்பானது.

இவற்றை வேறுபடுத்துவது எவ்வாறு? முடக்குவாதம் பெரும்பாலும் கைவிரல், மணிக்கட்டு மூட்டுகளைப் பற்றும். முள்ளந்தண்டில் கழுத்தோடு நின்றுவிடும். மற்றதோ, இடுப்பின் பின்புறத்தே திருவென்பு மூட்டில் தொடங்கி மேலேறும். தோலில் செதிலும் நகத்தில் குழியும் சொரியாசிஸைச் சுட்டும். வயிற்றுளைவு நீங்கிச் சில வாரங்களில் முழங்கால் வீங்கிக் கண்ணும் சிவப்பின், அது மற்றோர் உறவினது குறி.

சுமையால் வரும் வலி உழைப்பில் மிகும், ஓய்வில் தணியும். அழற்சி வலியோ நாற்பது வயதுக்கு முன் மெல்லத் தொடங்கி, பின்னிரவில் உறக்கம் கெடுத்து, விடியலில் முதுகை இறுக்கும். நடக்க நடக்கத் தளரும். வேலை செய்கையில் தணிவதால், "இது நோயன்று" எனப் பிறரும் எண்ணுவர், நோயாளியும் எண்ணுவார். இதுவே இந்நோயின் கொடுமை. மேலும், இஃது ஆடவர் நோயென்றே நெடுங்காலம் கொள்ளப்பட்டது. பெண்களுக்கும் வருமென்பதை இன்று அறிவோம். கொழுந்து பறிப்போரோ பெரும்பாலும் பெண்களே.

பெயர் வேறானால் மருந்தும் வேறு. முடக்குவாதத்திற்குப் பயன்படும் மெத்தோட்ரெக்சேட், இறுகும் முள்ளந்தண்டிற்குப் பயன் தருவதில்லை. அதற்கு முறையான உடற்பயிற்சியும், அழற்சி தணிக்கும் மாத்திரைகளும், தேவைப்படின் இந்நூற்றாண்டில் வழக்கிற்கு வந்த உயிரியல் மருந்துகளும் உள. இணைந்த எலும்பை மீண்டும் பிரிக்க அவற்றாலும் இயலாது.

ஆகவே, மூன்று திங்களுக்கு மேல் முதுகு வலிக்கும் இளையோரிடம், "என்ன சுமந்தாய்?" என்று மட்டும் கேளாது, "ஓய்வில் தணிகிறதா, நடையில் தணிகிறதா?" என்றும் கேட்போமாக. நடையில் தணிகிறதென்றால், காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் அனுப்புவோமாக.