தேய்வதற்கென்றே ஒரு துணி

வண்டியை மெக்கானிக்கிடம் விட்டால் "புஷ் போயிருக்கு, மாத்தணும்" என்பார். கெட்டியான இரண்டு பாகங்கள் உரசும் இடத்தில் நடுவே நின்று, அவற்றுக்குப் பதிலாகத் தான் தேய்வதுதான் புஷ்ஷின் வேலை. பியானோவுக்குள்ளும் புஷ் உண்டு, அதுவும் நூற்றுக்கணக்கில். ரப்பரோ பித்தளையோ கிடையாது; ஃபெல்ட் மாதிரி அடர்ந்த கம்பளித்துணி. அதை ஒழித்துக்கட்ட நினைத்து ஒரு பெரிய நிறுவனம் இருபது வருஷம் பட்ட பாடு எனக்குப் பிடித்த தொழில்நுட்பக் கதைகளில் ஒன்று.

முதலில் துணி என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. அதே நேரத்தில் தந்திமேல் உட்கார்ந்திருக்கும் டாம்பர் மேலே எழும்புகிறது. விரலை எடுத்ததும் டாம்பர் விழுந்து ஒலியை நிறுத்துகிறது. கிராண்ட் பியானோவில் ஒவ்வொரு டாம்பரையும் ஒரு மெல்லிய கம்பி தாங்குகிறது. அந்தக் கம்பி ஒரு மரச்சட்டத்தின் துளை வழியாக ஏறி இறங்கும். துளையின் உட்சுவரில் ஒட்டியிருப்பதுதான் நம்ம துணி. அது தேய்ந்துவிட்டால் கம்பி ஆடும், டாம்பர் கோணலாக விழும், ஒலி முழுசாக அடங்காது. ஈரத்தில் துணி உப்பினால் நிலைமை தலைகீழ்: கம்பி சிக்கி, டாம்பர் மேலேயே நின்றுவிடும். ஒரு ஸ்வரம் முடிய வேண்டிய இடத்தில் முடிவதே இந்தச் சின்னத் துணியை நம்பித்தான் இருக்கிறது.

மாற்றுவது பொறுமையான வேலை. பழைய துணியை ஈரப்படுத்தி, பசையை இளக்கி எடுக்க வேண்டும். புதுத் துணியை நாடாவாக வெட்டி, நுனியைக் கூராக்கித் துளைக்குள் இழுத்து, பசை தடவி, காய்ந்தபின் மிச்சத்தை மட்டமாக அறுக்க வேண்டும். கம்பி தன் எடையிலேயே வழுக்கி இறங்கணும், ஆனால் பக்கவாட்டில் ஆடக்கூடாது.

1700-ஐ ஒட்டி ஃபிளாரன்ஸில் கிறிஸ்டோஃபோரி முதல் பியானோவைச் செய்தபோது சுத்தியல் தலைக்குத் தோலைத்தான் போட்டார். 1826-இல் பாரிஸில் பாப் என்பவர் ஃபெல்ட் சுத்தியலுக்குக் காப்புரிமை வாங்கினார். அதன்பின் பியானோவின் உள்ளே கம்பளியின் ஆட்சிதான்.

கம்பளிக்குக் குறைகள் உண்டு: தேயும், ஈரம் குடிக்கும், பூச்சி அரிக்கும். 1938-இல் டூபாண்ட் ஆய்வகத்தில் பிளங்கெட் தற்செயலாகக் கண்டுபிடித்த டெஃப்லானுக்கு இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை. 1962-இல் நியூயார்க் ஸ்டைன்வே நிறுவனம் சுத்தியல் முதலானவை ஊசியில் திரும்பும் மூட்டுகளில் துணியை நீக்கி டெஃப்லான் புஷ் வைத்தது. வைத்த பெயர் 'பெர்மாஃப்ரீ'. காகிதத்தில் பார்த்தால் அருமையான யோசனை.

சிக்கல் என்னன்னா, புஷ் மாறியது, அதைச் சுற்றியிருந்த மரம் மாறவில்லை. மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும். துணி அதோடு சேர்ந்து கொஞ்சம் வளைந்துகொடுக்கும், டெஃப்லான் கொடுக்காது. எனவே ஒரு பருவத்தில் மூட்டு இறுகியது, இன்னொரு பருவத்தில் தளர்ந்தது. தளர்ந்தபோது 'டிக், டிக்' என்று சத்தம் வேறு. துணி தேய்ந்தால் சத்தமில்லாமல் தேயும். டெஃப்லான் தன் குறையை வாசிப்பவர் காதில் விழவைத்தது. பழுதுபார்ப்பவர்களுக்கும் தனிக் கருவிகள், தனிப் பழக்கம் தேவைப்பட்டன. அதே நிறுவனத்தின் ஹாம்பர்க் தொழிற்சாலை துணியை விடவே இல்லை.

1972-இல் சி.பி.எஸ். நிறுவனம் ஸ்டைன்வேயை வாங்கியது. அந்தக் காலத்துத் தரக்குறைவுக்கெல்லாம் கார்ப்பரேட் பேராசைதான் காரணம் என்று சொல்வது சுலபம். டெஃப்லான் விஷயத்தில் அது பொருந்தாது. அதைக் கொண்டுவந்தபோது தலைமையில் இருந்தவர் ஹென்றி ஸ்டைன்வே, நிறுவனரின் வாரிசு. கைவிடப்பட்டதுதான் சி.பி.எஸ். காலத்தில்: 1982-இல் மூட்டுகளுக்குத் துணியே திரும்ப வந்தது.

'தேயாதது' என்பதையே நாம் தரம் என்று எடுத்துக்கொள்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. கம்பளித்துணி தேய்வது அதன் தோல்வியே இல்லை. அது தேய்வதால்தான் கம்பியும் மரமும் பிழைக்கின்றன. அது மலிவானது என்பதால்தான் ஐம்பது வருஷம் கழித்தும் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை மாற்ற முடிகிறது. அந்த இருபது வருஷத்துப் பியானோக்கள் இன்றும் பட்டறைகளுக்கு வருகின்றன. பலவற்றில் டெஃப்லான் மூட்டுகளைக் கழற்றிவிட்டு, துணி வைத்த புது மூட்டுகளைப் பூட்டுகிறார்கள். அந்தத் துணியும் ஒருநாள் தேயும். அப்போது மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.