பாஸ்போர்ட் - சலுகையா, உரிமையா?

போன மாதம் பெரியப்பா பையன் (எனக்கு அண்ணன்) வேலைக்காக துபாய் கிளம்பினார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு ஹால் முழுக்கப் பேப்பர்தான். பாஸ்போர்ட், விசா பிரிண்ட், மார்க் ஷீட், டிகிரி சான்றிதழ், வேலை ஒப்பந்தம்... ஒவ்வொன்றுக்கும் மூன்று ஜெராக்ஸ். "பி.காம். படிக்கிறவன்தானே, ஃபைல் போட்டு அடுக்கிக் கொடு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

அடுக்கும்போது பீரோவிலிருந்து பெரியப்பாவின் பழைய பாஸ்போர்ட்டும் வந்து விழுந்தது. 2009-ல் வாங்கியது. உள்ளே 'ஈ.சி.ஆர்.' என்று போட்டிருந்தது. மகாபலிபுரம் போகும் ரோடு என்று நினைத்துவிடாதீர்கள்! பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா, மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போவதென்றால், குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அரசு அதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பதற்கான குறி அது. "எட்டாவதோட நின்னவனுக்கு சர்க்கார் கொடுத்த பட்டம்டா" என்று பெரியப்பா சிரித்தார். அந்தப் புத்தகத்துக்குப் பின்னால் என்ன கதை என்று தேடிப் படித்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

போரில் வந்தது, போகவே இல்லை

முதல் உலகப் போருக்கு முன்பு ஐரோப்பாவின் பல நாடுகளுக்குள் பாஸ்போர்ட் இல்லாமலேயே போய்வர முடிந்தது. 1914-ல் போர் வந்ததும் உளவாளி பயத்தில் எல்லா நாடுகளும் எல்லைகளில் கெடுபிடி செய்தன. போர் முடிந்தால் இதுவும் முடியும் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் 1920-ல் பாரிஸில் கூடிய சர்வதேச சங்கத்தின் மாநாடு, எல்லா நாடுகளும் 32 பக்கத்தில் ஒரே மாதிரி புத்தகம் கொடுக்கலாம் என்று பரிந்துரை செய்தது. தற்காலிகம் என்று வந்தது நிரந்தரமாகிவிட்டது.

இந்தியாவிலும் அதே 1920-ல் ஒரு பாஸ்போர்ட் சட்டம் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அது இந்தியாவுக்குள் நுழைவதைப் பற்றிய சட்டம். இந்தியாவை விட்டு வெளியே போகிறவருக்கு யாருக்கு பாஸ்போர்ட் தரலாம், யாருக்கு மறுக்கலாம் என்று சொல்ல, சுதந்திரம் வந்து இருபது வருடம் ஆகும்வரை ஒரு சட்டமும் இல்லை. அதிகாரி கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

ஒரு வியாபாரி போட்ட வழக்கு

சத்வந்த் சிங் சாஹ்னி என்ற ஏற்றுமதி இறக்குமதி வியாபாரி. தொழிலுக்காக அடிக்கடி வெளிநாடு போகிறவர். 1966-ல் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி அவருக்கு அரசிடமிருந்து கடிதம் வந்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். "பாஸ்போர்ட் என்பது எங்கள் குடிமகனைப் பத்திரமாகப் போகவிடுங்கள் என்று வேறு நாட்டிடம் அரசு கேட்டுக்கொள்ளும் ஆவணம். அதைத் தருவதும் தராததும் அரசின் விருப்பம்" என்பது அரசு வாதம்.

1967 ஏப்ரல் 10-ல் தீர்ப்பு. ஐந்து நீதிபதிகளில் மூன்று பேர், தலைமை நீதிபதி சுப்பா ராவ் உட்பட, சாஹ்னி பக்கம். பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போகவே முடியாது. அப்படியானால் அதைப் பிடுங்குவது தனிமனித சுதந்திரத்தைப் பறிப்பதுதான். சட்டம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது என்றார்கள். ஹிதயதுல்லாவும் பச்சாவத்தும் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ஓட்டு மாறியிருந்தால்?

அரசு அவசர அவசரமாக அடுத்த மாதமே அவசரச் சட்டம் போட்டு, ஜூன் மாதம் 1967 பாஸ்போர்ட் சட்டத்தைக் கொண்டுவந்தது. எந்தக் காரணத்துக்கு மறுக்கலாம், யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று முதல்முறையாக எழுத்தில் வந்தது.

ஏழு நாள் கெடு

பத்து வருடம் கழித்து அதே சட்டத்துக்கு சோதனை. 1977 ஜூலையில் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்திக்குக் கடிதம். ஏழு நாளில் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும், காரணம் பொதுநலன். விளக்கம் கேட்டதற்கு, பொதுநலன் கருதியே காரணத்தையும் சொல்ல முடியாது என்று பதில்! 1978 ஜனவரி 25-ல் தீர்ப்பு வந்தது. ஒருவரின் சுதந்திரத்தைப் பறிக்க சட்டத்தில் ஏதோ ஒரு வழிமுறை இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். அவர் தரப்பைக் கேட்பதாக அரசு உறுதி கொடுத்ததால் அந்த உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்யவில்லை. அவருக்கு அன்றே பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பால் நமக்கெல்லாம் கிடைத்தது பெரிது.

பெரியப்பா சொன்னது

இதையெல்லாம் படித்துவிட்டுப் பெருமையாகச் சொன்னேன். பெரியப்பா அமைதியாகக் கேட்டார். பிறகு சொன்னார். அங்கே போய் இறங்கிய அன்றே கம்பெனியில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். பாட்டி இறந்தபோது கேட்டார். கைக்கு வர பதினோரு நாள் ஆனது. அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "கோர்ட்டு கவர்ன்மென்டைத்தானே கேட்டுது? முதலாளியை யாரு கேட்டா?" என்றார். எனக்கு பதில் வரவில்லை.

அன்று இரவு 1967 சட்டத்தை மறுபடி படித்தேன். 17-வது பிரிவு சொல்கிறது: பாஸ்போர்ட் எப்போதும் மத்திய அரசின் சொத்து. நம் கையில் இருந்தாலும் புத்தகம் நம்முடையதல்ல. அப்படியிருக்க முதலாளிக்கு மட்டும் எப்படிச் சொந்தமாகும்? அமீரகத்தின் 2021 தொழிலாளர் சட்டமும் ஊழியரின் ஆவணங்களை முதலாளி பிடித்து வைக்கக்கூடாது என்கிறது. பெரியப்பாவுக்கு இதைச் சொல்ல அன்று ஆள் இல்லை.

அண்ணனின் ஃபைலில் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வெள்ளைத்தாள் வைத்தேன். இந்த இரண்டு விஷயத்தையும் அதில் எழுதி, இந்தியத் தூதரக நம்பரையும் கீழே குறித்தேன். ஏர்போர்ட்டில் பெரியப்பா அந்தத் தாளை மட்டும் வெளியே எடுத்து, மடித்து, அண்ணன் சட்டைப் பையில் வைத்தார்.