செத்த கேமை எழுப்பின கதை

எங்க ஊர் இரணியல்ல ஒரு அரண்மனை உண்டு. வேணாட்டு ராஜாக்கள் இருந்த இடம். கூரை போயி, புதர் மண்டி பல காலம் கிடந்தாலும் சுவரும் கல்லும் மிஞ்சி நின்னுச்சு. ஆன்லைன் கேமுக்கு அந்த பாக்கியம்கூட கிடையாது மக்களே. கம்பெனிக்காரன் சர்வரை அணைச்சா அன்னியோட ஊரே காலி. நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கிறது பெரும்பாலும் படமும் சத்தமும்தான். வில்லன் எங்க நிப்பான், அடிச்சா எவ்வளவு உயிர் குறையும், நீங்க எந்த லெவல், எல்லாக் கணக்கும் சர்வர்ல இருக்கும். 2020 டிசம்பர் 31-ல ஃபார்ம்வில் மூடினப்போ எத்தனை பேரோட கத்திரிக்காயும் மாடும் போச்சுன்னு யோசிச்சுப் பாருங்க :-)

அப்படிப் போன ஒரு ஊரை ஆட்டக்காரங்களே திரும்பக் கொண்டுவந்தாங்க. கேமோட பேரு சிட்டி ஆஃப் ஹீரோஸ்.

2004 ஏப்ரல்ல அமெரிக்காவுல வந்தது. செஞ்சது கிரிப்டிக் ஸ்டூடியோஸ், வெளியிட்டது கொரியாக்காரங்க என்சிசாஃப்ட். ஆளாளுக்கு ஒரு சூப்பர் ஹீரோவை உருவாக்கி, உடை தச்சு, பேரு வச்சு, பாரகன் சிட்டின்னு ஒரு நகரத்துல கூட்டமா சண்டை போடணும். 2007-ல என்சிசாஃப்டே கேமை முழுசா வாங்கிருச்சு. 2012 ஆகஸ்ட் 31-ல திடீர்னு "மூடப்போறோம்"னு அறிவிப்பு. ஆட்டக்காரங்க மனு போட்டாங்க, கேமுக்குள்ளேயே அட்லஸ் பார்க்குல தீப்பந்தம் பிடிச்சு நின்னாங்க. கம்பெனி அசையல. நவம்பர் 30-ல அணைச்சாச்சு.

அதுக்கப்புறம்தான் நமக்கு வேண்டிய கதை. மூடின கேமை ஓட்டணும்னா வழி ரெண்டு. ஒண்ணு, சர்வரைப் புதுசா எழுதணும். 2011 டிசம்பர் 15-ல மூடின ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸுக்கு அப்படித்தான் செஞ்சாங்க. கேம் உயிரோட இருக்கும்போதே வேலையை ஆரம்பிச்சு, சர்வர் எதுக்கு என்ன பதில் சொல்லுதுன்னு கவனிச்சுக் கவனிச்சு வருஷக்கணக்கா கோடு எழுதினாங்க. அவங்க எழுப்பினது கடைசி வடிவத்தை இல்ல. 2005-ல கம்பெனி விதிகளைத் தலைகீழா மாத்துறதுக்கு முன்னாடி இருந்த பழைய வடிவத்தை. இன்னொரு வழி, கம்பெனியோட சர்வர் கோடே கைக்கு வரணும்.

சிட்டி ஆஃப் ஹீரோஸ் ஆளுங்க முதல்ல பாதி வழிதான் போனாங்க. டைட்டன் ஐகான்னு ஒரு மென்பொருள் வந்துச்சு. அதுல உங்க ஹீரோ காலி நகரத்துல தனியா நடக்கலாம். 2015-ல பாரகன் சாட் வந்து, நாலு பேரு சேர்ந்து பேச முடிஞ்சது. ஆனா சண்டை கிடையாது. திருவிழா முடிஞ்ச மைதானத்துல உக்காந்து கதையடிக்கிற மாதிரி.

2019 ஏப்ரல்ல வெடிச்சது குண்டு. ஸ்கோர்னு ஒரு சின்னக் குழு, ஒரிஜினல் கோடை வச்சு ஏறக்குறைய ஆறு வருஷமா ரகசியமா முழு கேமையும் ஓட்டிட்டு இருந்திருக்கு! அழைப்பு இருந்தாத்தான் உள்ள போகலாம், வெளிய மூச்சு விடக்கூடாது. மத்தவங்க காலி நகரத்துல நடந்துக்கிட்டு இருந்தப்போ இவங்க உள்ள ஜாலியா ஆடியிருக்காங்க. கொந்தளிச்சுட்டாங்க ஜனங்க. கோபம் அடங்கலன்னதும் அந்த மாசமே கோடு பொதுவுல வந்துச்சு. பல குழுக்கள் சர்வர் போட்டாங்க. அதுல பெருசு ஹோம்கமிங்.

ஒளிச்சு வச்சது சரியா? அவங்க பக்கமும் நியாயம் இருக்கு. வெளிய தெரிஞ்சா வக்கீல் நோட்டீஸ் வரும், எல்லாமே போகும்னு பயந்தாங்க. பயம் பொய்யில்ல. கிளப் பெங்குவினை டிஸ்னி 2017-ல மூடின பிறகு, அதை அப்படியே ஓட்டின ஒரு தளத்தை 2022-ல லண்டன் போலீஸ் முடக்கி மூணு பேரைக் கைது பண்ணாங்க. ஆனாலும் என் கட்சி இதுதான்: ஒளிச்சு வச்சவங்க காப்பாத்தினது கோடை மட்டும். ஊர்னா ஆளுங்கதானே? கதவைத் திறந்த பிறகுதான் ஊர் வந்துச்சு.

திறந்ததுக்கு அப்புறம் நடந்ததைப் பாருங்க. ஹோம்கமிங் கேமை இலவசமா விட்டாங்க. சர்வர் செலவுக்கு மாசாமாசம் நன்கொடை, தேவையான தொகை சேர்ந்ததும் வசூலை நிறுத்திருவாங்க. மறைக்க எதுவும் இல்லாம, லாபமும் பாக்காம நடத்தினதால கம்பெனியோட உக்காந்து பேச முடிஞ்சுது. 2024 ஜனவரியில என்சிசாஃப்டே முறையான உரிமம் குடுத்துச்சு. கேம் கம்பெனியோடதுதான், நடத்துறது ஆட்டக்காரங்க.

இதுக்கு இத்தனை வருஷம் எடுத்திருக்கவே வேண்டாம். 1996-ல வந்த மெரிடியன் 59 கேமோட கோடை அதை நடத்தினவங்களே 2012-ல திறந்து விட்டுட்டாங்க, இனி யாரு வேணும்னாலும் ஓட்டிக்கலாம்னு. அதுக்கு நேர்மாறா, 2024 மார்ச் 31-ல யூபிசாஃப்ட் 'தி குரூ' கேமை அணைச்சப்போ, காசு குடுத்து வாங்கினவங்க தனியாகூட ஆட முடியல. அதுல கிளம்பினதுதான் ஐரோப்பாவுல 10 லட்சத்துக்கு மேல கையெழுத்து வாங்கின இயக்கம். அவங்க கேக்குறது பெருசா ஒண்ணுமில்ல. சர்வரை அணைக்கிறதுன்னா அணைச்சுக்கோ, வாங்கினவன் எப்படியாவது ஆடுற நிலையில விட்டுட்டுப் போன்னுதான்.

ஆபீஸ்ல ஒரு பழைய சிஸ்டத்தை மூடணும்னா பேக்கப் எங்க, டேட்டாவை யாருகிட்ட ஒப்படைக்கிறதுன்னு கேக்காம யாரும் சுவிட்சைத் தொடமாட்டோம். பல்லாயிரம் பேரு வருஷக்கணக்கா வாழ்ந்த இடத்துக்கும் அந்தக் கேள்வியைக் கேட்டா என்ன கொறஞ்சிரும்?

சரி, மூடிப்போனதுல நீங்க திரும்ப ஆட ஆசைப்படுற கேம் எது? பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.