கந்தன் கருணை: கூத்து கேட்ட கேள்வி

கந்தனின் பெயர் கொண்ட ஸ்கந்தபுரத்தில் படிப்பிக்கும் நாங்கள், தமிழ்த்தினப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கூத்துப் பழக்குகிறோம். காத்தவராயன் மெட்டு வன்னியில் பலருக்கும் வாயில் நிற்கும். அந்த மெட்டு ஒரு காலத்தில் எதற்குப் பயன்பட்டது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

சாதி காட்டிக் கோயில், கடை வாசலில் மறிப்பது குற்றம் என்று 1957 இல் சட்டம் வந்தது. வாசல்கள் திறக்கவில்லை. 1968 இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலில் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தினர் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றார்கள். எதிரே மறித்து நின்றவர்களில் ஒருவர் சி. சுந்தரலிங்கம், கணிதப் பேராசிரியர், முன்னாள் அமைச்சர், வவுனியாத் தொகுதியின் முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர். படிப்பும் பதவியும் இருந்தும் சாதி விடவில்லை.

அந்தப் போராட்டத்தை என்.கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்று நாடகமாக எழுதினார். இளைய பத்மநாதன் உள்ளிட்ட அம்பலத்தாடிகள் அதைக் காத்தவராயன் கூத்துப் பாணியில் மேடையேற்றினார்கள். பரிசோதனை அங்கேதான் இருந்தது. உயர்குலப் பெண்ணை விரும்பியதற்காகக் கழுமரம் ஏற்றப்பட்டவன் காத்தவராயன். அவன் கதை பாடிய மெட்டிலேயே, கோயில் வாசலில் மறிக்கப்பட்டவர்களின் கதையும் பாடப்பட்டது. சனங்களுக்கு விளக்கவுரை தேவைப்பட்டிருக்காது.

கூத்தைப் பரிசுக்கு மட்டும் பழக்கினால் ஆட்டம் மிஞ்சும், கேள்வி போய்விடும். யாரை, ஏன் வெளியே நிறுத்தினோம் என்பதையும் சேர்த்தே படிப்பிப்போம்.